இரண்டு பவுன் வழக்கும் வழக்கறிஞர் பொறுப்பும்

கட்டிய வீடு இடிந்து விழுந்தால் கட்டியவர் விடை கூற வேண்டும். மருந்தை மாற்றிக் கொடுத்த மருத்துவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இவை எவரும் ஒப்பும் முறைகள். ஆனால், நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர் தவறு செய்து, அதனால் கட்சிக்காரர் கெட்டால் அந்த இழப்பை ஈடு செய்வார் யார்? இவ்வினாவுக்கு இங்கிலாந்து நாட்டுச் சட்டம் நெடுங்காலம் 'எவருமிலர்' என்றே விடை கூறி வந்தது. அவ்விடை மாறிய வரலாறு, ஏழைக்கு வழக்கறிஞர் கிடைத்த வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. இரண்டும் ஒரே வழக்கில் சந்தித்தன.

கூண்டிலிருந்து தேர்ந்த வழக்கறிஞர்

1959-ஆம் ஆண்டு லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நார்பர்ட் ராண்டல் என்பவர், ஒருவருக்குக் கொடுங்காயம் விளைத்தார் என்னும் குற்றச்சாட்டில் கூண்டேறி நின்றார். அரசாங்கச் சட்ட உதவி பெறாத அவருக்குப் பழைய வழக்கம் ஒன்று கைகொடுத்தது. கையில் 2 பவுன் 4 ஷில்லிங் 6 பென்ஸ் வைத்திருக்கும் குற்றவாளி, அங்கு அங்கியணிந்து அமர்ந்திருக்கும் பாரிஸ்டர்களுள் எவரையும் சுட்டிக் காட்டித் தமக்காக வாதாடச் செய்யலாம். இதற்கு 'டாக் பிரீஃப்' என்று பெயர். ராண்டல் அவ்வாறு தேர்ந்தவர் மைக்கேல் வொர்ஸ்லி என்பார். வழக்குத் தோற்றது, ராண்டல் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

எதிரியின் காயங்கள் கத்தியால் நேர்ந்தவை அல்ல, தம் கையாலும் பல்லாலும் நேர்ந்தவை என்பதை வழக்கறிஞர் சாட்சிகளிடம் கேட்டு நிலைநாட்டவில்லை என்பதே ராண்டலின் குறை. 1965-இல் அவர் தம் வழக்கறிஞர் மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கு, நாட்டின் உச்ச மன்றமாயிருந்த பிரபுக்கள் சபை வரை சென்றது. 1967-இல் நீதிபதிகள் ஐவரும் ஒருமுகமாக அதனைத் தள்ளினர்.

காப்புக்குக் கூறிய காரணம்

பாரிஸ்டர் பெற்றது கூலி அன்று, காணிக்கை என்றே அக்காலத்தில் கொள்ளப்பட்டது; ஆகவே அவர் அதனைக் கேட்டு வழக்காட இயலாதிருந்தது; அவருக்கும் கட்சிக்காரருக்கும் ஒப்பந்தமும் இருக்கவில்லை. 1863-இல் வந்த தீர்ப்பொன்று இதனை வலியுறுத்தியது. ஒப்பந்தம் இன்மையால் பொறுப்பும் இல்லை என்பது பழைய வாதம். ஆனால் 1963-இல் பிரபுக்கள் சபை வேறொரு வழக்கில், ஒப்பந்தம் இல்லாவிடினும், கவனக்குறைவாகக் கூறிய சொல்லை நம்பி ஒருவர் இழப்புற்றால் சொன்னவர் பொறுப்பாவது உண்டு என்று கூறிற்று. பழைய வாதத்தின் வேர் அற்றது.

எனவே 1967-இல் வேறு காரணங்களே முன்வந்தன. வழக்கறிஞர் கட்சிக்காரருக்கு மட்டுமன்றி நீதிமன்றத்துக்கும் கடமைப்பட்டவர். பின்னர் தம்மீது வழக்கு வருமோ என்னும் அச்சம் இருப்பின், வேண்டாத வினாக்களையெல்லாம் கேட்டு விசாரணையை நீட்டுவார். மேலும், தீர்ந்த வழக்கே மீண்டும் விசாரிக்கப்படும். இக்காரணங்கள் வலிமையற்றவை அல்ல. எனினும் பொதுமக்களின் பார்வையில் ஓர் ஐயம் எஞ்சி நின்றது: தொழில்கள் பலவற்றின் பிழையை அளக்கும் சட்டம் தன் தொழிலை மட்டும் அளவுகோலுக்கு வெளியே வைக்கலாமா?

மலேசியாவில் நிலை வேறு. இங்குப் பாரிஸ்டர், சொலிசிட்டர் என்னும் பிரிவினை இல்லை. ஒருவரே இரு பணியும் செய்பவர். ஆதலின் இங்கிலாந்தின் அக்காப்பு இந்நாட்டு வழக்கறிஞருக்குப் பொருந்தாது என்று, ராண்டல் தீர்ப்பையொட்டிய ஆண்டுகளிலேயே கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏழைக்குத் திறந்த கதவு

ஏழைக்கு வழக்கறிஞர் வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. கட்டணமின்றி வழக்காடவும், வழக்கறிஞரைப் பெறவும் ஏழைகளுக்கு வழிசெய்த சட்டம் ஒன்று இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி அரசன் காலத்தில், 1495-இல் பிறந்தது. ஆயினும் நெடுங்காலம் இவ்வுதவி வழக்கறிஞரின் ஈகையையே நம்பியிருந்தது. போருக்குப் பின் நிலை மாறிற்று. 1945-இல் ரஷ்கிளிஃப் குழு அறிக்கை தந்தது. 1949-இல் சட்ட உதவிச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் அது நடைமுறைக்கு வந்தது. வழக்கறிஞருக்குரிய ஊதியத்தை அரசாங்கமே கொடுத்தது. வருவாய் உடையவர் தம் அளவுக்கேற்ப ஒரு பங்கு செலுத்தினர். ஈகை உரிமையாயிற்று. சிங்கப்பூரிலும் 1958-இல் சட்ட உதவிக் கழகம் தோன்றியது.

தீர்ப்பும் பணமும்

கதவு திறந்தது சரி. உள்ளே சென்றபின் பிழை நேர்ந்தால் என் செய்வது? சொலிசிட்டர்கள் தம் கவனக்குறைவுக்கு முன்பே பொறுப்பாளர்களாயிருந்தனர். ஆனால் தோற்ற வழக்கறிஞரிடம் பணம் இல்லையெனில், அவர்மீது பெற்ற தீர்ப்பு ஏட்டுச் சுரைக்காய் ஆகும், கறிக்கு உதவாது. இக்குறையை நீக்க வந்ததே தொழிற்பொறுப்புக் காப்புறுதி. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, 1976-இல் சட்டச் சங்கம் சொலிசிட்டர்கள் அனைவருக்கும் பொதுக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. 1987-இல் இதற்கெனப் பொது நிதி ஒன்று நிறுவப்பட்டது. 2000-இல் அவரவர் சந்தையில் காப்புறுதி வாங்கும் முறை வந்தது. பாரிஸ்டர்களும் 1988-இல் தமக்கெனப் பரஸ்பர நிதி அமைத்தனர். மலேசியாவில் இதற்குரிய விதிகள் 1992-இல் இயற்றப்பட்டன.

இதன் பயனை ஒரு வழக்கால் அறியலாம். 78 வயது முதியவர் ஒருவர், பெண்மக்கள் இருவருக்கும் தலா 9,000 பவுன் எழுதிவைக்க விரும்பி, 1986-இல் தம் சொலிசிட்டருக்குக் கடிதம் விடுத்தார். உயில் எழுதப்படாமலே வாரங்கள் கழிந்தன, முதியவர் இறந்தார். பெண்களுக்கு ஒன்றுமில்லை. 1995-இல் பிரபுக்கள் சபை, இருவருக்கு எதிராக மூவர் என்னும் பெரும்பான்மையால், சொலிசிட்டர் நட்டஈடு தரவேண்டும் என்றது. இத்தகைய ஈடு உடையவர் கைக்கு வந்து சேர்வதற்கே காப்புறுதி.

இடிந்த மதில்

பாரிஸ்டரின் காப்பும் படிப்படியாகச் சுருங்கியது. கார் விபத்தில் காயமுற்ற சாயிஃப் அலி என்பாருக்கு, உரியவர்மீது வழக்குத் தொடுக்க அறிவுரை கிடைக்காமற் போய், காலக்கெடு கடந்தது. மன்றத்துக்கு வெளியே தரும் இத்தகைய அறிவுரைக்குக் காப்பு இல்லை என 1978-இல் தீர்ப்பாயிற்று. இறுதியில் 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் எழுவர் அமர்ந்து, உரிமையியல் வழக்குகளில் அக்காப்பை ஒருமனதாக நீக்கினர். குற்றவியல் வழக்குகளில் மூவருக்கு நால்வர் என்னும் கணக்கில் நீக்கினர். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ 2005-இலும் காப்பை நிலைநிறுத்தியது. ஆக, அறிஞர் உலகு இன்றும் ஒருமனப்பட்டதன்று.

காப்புறுதிக்கு விலை உண்டு. வழக்கறிஞர் செலுத்தும் தொகை கட்டணத்தில் ஏறிக் கட்சிக்காரர் தலையிலேயே இறங்கும். சிறு நிலையங்களுக்கு இச்சுமை பெரிது. பிழைக்கு ஈடு தேடும் முறை, வழக்கறிஞரை ஏழைக்கு எட்டாதவராக்கிவிடலாகாது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் சட்ட உதவி பல துறைகளில் குறைக்கப்பட்டது; இது 2013-இல் நடைமுறைக்கு வந்தது. திறந்த கதவு மீண்டும் பாதி சாத்தப்பட்டது எனலாம்.

2000-ஆம் ஆண்டின் தீர்ப்பு முன்னரே வந்திருப்பினும் ராண்டல் வென்றிருக்க மாட்டார். தண்டனை நிலைத்து நிற்கும் வரை, வழக்கறிஞர் மீது வழக்கிட்டு அதனை மறைமுகமாகத் தாக்கலாகாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதியே. எனினும் அவர் எழுப்பிய வினா தோற்கவில்லை. ஏழைக்கு ஒரு வழக்கறிஞரை அளிப்பதோடு நீதியின் கடமை முடிவதில்லை. இரண்டு பவுன் கொடுத்தவருக்கும் இரண்டாயிரம் பவுன் கொடுத்தவருக்கும் ஒரே கவனம் உரியது. அக்கவனம் தவறும்போது இருவருக்கும் ஈடு கிடைக்குமாயின், அன்றே சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் சொல் பொருள் பெறும்.