உண்ணல் கோளாறு: யாருக்கு வரும் என்பது பற்றிய தவறான எண்ணங்கள்

உண்ணும் முறை நெடுநாள் பிறழ்ந்து உடலையும் மனத்தையும் கெடுக்கும் நோய்கள் உண்ணல் கோளாறுகள். உணவைக் கடுமையாகக் குறைத்து மெலியும் அனோரெக்சியா, அளவுமீறி உண்டபின் வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டும் புலிமியா, அளவுமீறி உண்ணல், உணவுத் தவிர்ப்பு, பிக்கா ஆகியவை இதில் அடங்கும்.

வசதியான வீட்டு இளம்பெண்களுக்கே இவை வரும் என்பது பரவலான பிழை. 1689இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் விவரித்த, அனோரெக்சியாவை ஒத்த நோயுடைய இருவருள் ஒருவர் 16 வயதுச் சிறுவன். ஆயினும் ஆண்களுக்குப் பொருந்தாத மாதவிடாய் நிற்றல் அனோரெக்சியாவுக்கு அளவுகோலாக நீடித்தது. 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டிஎஸ்எம்-5 அதை நீக்கியது. மெலிந்தவருக்கே வரும் என்பதும் தவறு: புலிமியா உள்ளோர் பலர் இயல்பான எடையுடையவர்கள். உடல் உருவம் பற்றிய கவலையால் மட்டுமே வரும் என்பதும் சரியல்ல: 1995இல் இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்த ஐந்து இளம்பெண்களிடம் உணவு மறுப்பும் வாந்தியும் இருந்தன. ஆனால் உடல் உருவம் பற்றிய திரிந்த எண்ணம் இல்லை.

ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கும் இவை வரும். இத்தகையோரிடம் மண், சுண்ணாம்பு தின்னும் பிக்காவும் உணவுத் தவிர்ப்பும் மற்றவரைவிடக் கூடுதல். வீட்டில் இவை அடம் என்றே கண்டிக்கப்பட்டால் சிகிச்சை தாமதமாகலாம்.