காலுக்குள் ஒரு மாற்றுப்பாதை



கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்கையில் சிலருக்குக் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும், நடந்தால் மறுபடி வரும். வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது கால் ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறி. முற்றினால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

இதற்கு மரபணுவையே மருந்தாக்கப் பார்த்தார் பாஸ்டன் நகர மருத்துவர் ஜெஃப்ரி இஸ்னர். மரபணுவைச் சுமந்து செல்லப் பலரும் வைரஸை நம்பிய காலம் அது. இஸ்னர் வைரஸைத் தவிர்த்தார். புது ரத்தக்குழாய்களை வளரத் தூண்டும் மரபணுவை, கூழ் பூசிய சிறு பலூனின் மேல் தடவினார். அடைப்புள்ள காலின் குழாய்க்குள் செலுத்தி ஊதினால், பலூன் சுவரில் அழுந்தி மரபணுவை அங்கே சேர்க்கும். 71 வயதுப் பெண்மணி ஒருவரின் காலில் பக்கக்குழாய்கள் கூடியதை 1996-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

1999-இல் வேறொரு நோய்க்கு வைரஸ் வழியாக மரபணு செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் அமெரிக்காவில் இறந்தார். வைரஸ் இல்லாத வழியின் அருமை அப்போது புரிந்தது. ஆனால் வெறும் மரபணு செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை.

2011-இல் டமாரிஸ் ஆய்வு வெளியானது. 525 நோயாளிகள்; வைரஸ் இல்லாத வேறொரு மரபணு, கால் தசையில் ஊசியாக. போலி மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால், கால் இழப்போ மரணமோ குறையவில்லை. இஸ்னர் இதைப் பார்க்கவில்லை. 2001-இல், 53 வயதில், மாரடைப்பில் மறைந்துவிட்டார்.

ஒருவருக்குக் குணமானது நம்பிக்கை தரும். பலரிடம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது மருந்தாகும். அதுவரை பீடி, சிகரெட்டை விடுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். நடந்தால் கால் வலிக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.