திரிங்காப்புக்கு எந்த வழி?

மலேசியாவின் கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. குளிருக்குச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தாப்பா சாலை வளைவுகளில் தலை சுற்றும், தானா ராத்தாவில் தங்குங்கள், போ (BOH) தோட்டத்தில் தேநீர் குடியுங்கள், ஸ்ட்ராபெரி வாங்குங்கள். பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே திரிங்காப் பக்கம் பேச்சு போனால் மட்டும் தொனி மாறிவிடும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, சரிவெல்லாம் பிளாஸ்டிக் கொட்டகை, அழகான மலையைக் காய்கறிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். இந்தப் புகாருக்குள் ஒரு வரலாறு மறைந்திருக்கிறது: முதலில் கோடை வாசஸ்தலம் இருந்ததாம், உழவர்கள் பிற்பாடு வந்து புகுந்துகொண்டார்களாம். சாலை வந்த கதையைப் பார்த்தால் இந்த வரிசை நிற்காது.

நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது 1885இல். அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்த அறிக்கையால் எதுவும் நடக்கவில்லை. அங்கே வாழ்ந்துவந்த ஓராங் அஸ்லி பூர்வகுடி மக்களுக்கு வழி தெரியும். கோலாலம்பூர் அதிகாரிகளுக்கு வழி இல்லை. 1925இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் ஏறிப் பார்த்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை திறக்க 1931 ஆயிற்று. குளிர்தானே எல்லோரையும் இழுத்தது, சாலைக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். 1885இலும் அதே குளிர்தான் அடித்தது. அதிகாரிகள் இளைப்பாற பினாங்குக் கொடிமலையும் தைப்பிங் அருகே மேக்ஸ்வெல் மலையும் ஏற்கெனவே இருந்தன; 1920களின் தொடக்கத்தில் பிரேசர் மலையும் சேர்ந்துகொண்டது. துரைமார் காற்று வாங்க இன்னொரு மலை என்ற ஒரே காரணம் போதாது. பயிர் செய்ய நிலம் என்ற எண்ணமும் ஆரம்பத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. தானா ராத்தாவில் அரசாங்கச் சோதனைப் பண்ணை அமைத்துத் தேயிலையும் காய்கறிகளும் போட்டுப் பார்த்தார்கள். கோல்ஃப் திடலும் முட்டைக்கோஸ் பாத்தியும் ஒரே வரைபடத்தில் பிறந்தவை. அழகு பார்க்க வருகிறவர் இதை மறந்துவிடுகிறார்.

தேயிலையின் கதையில் மறதி வேறு விதமானது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல், சாலை முடியும் முன்பே, போ தோட்டத்தைத் தொடங்கினார். துணைக்கு இலங்கைத் தேயிலையில் பழுத்த ஏ. பி. மில்ன். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், கூலியாட்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு காட்டைத் திருத்தியதாகக் கதை சொல்லப்படும். உருளைக்கும் கழுதைக்கும் பிறகு வருகிற அந்தக் கூலியாட்களில் பெரும்பகுதி தமிழர்கள். ஊரில் ஆள் திரட்டும் கங்காணி முறையில் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். 1938இல் உதவி பெற்றுப் போகும் கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசு தடுத்தபின், லயத்தில், அதாவது தோட்டத்து வீட்டு வரிசையில், பிறந்தவர்கள்தான் கொழுந்து பறித்தாக வேண்டும் என்றானது. அதிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டு, முதுகில் கூடை, ஈரப் பனி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற கைக்கணக்கு. இன்று அதே சரிவில் இயந்திரத்தின் இரு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு பேர் செடிவரிசைமேல் நகர்த்துகிறார்கள். வெட்டிய கொழுந்து பின்னால் தொங்கும் பையில் நிரம்புகிறது. பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். இந்த மறதி கேமரன் மலையோடு நிற்பதில்லை. பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்களைக் கரும்பு வெட்ட 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் கப்பலேற்றினார்கள். அந்தக் கரீபியத் தீவுகளுக்குப் போகிறவர்களிடமும் முதலில் கடற்கரையைத்தான் சொல்கிறார்கள். கரும்புத் தோட்டம் பேச்சின் கடைசியில் வந்தால் உண்டு.

நிலம் யாருக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கண்ணில் படும் காட்சி புரியும். தேயிலைக் கம்பெனிகளுக்கு நீண்டகால உரிமையோடு பெரும் பரப்புகள் கிடைத்தன. அதனால் அந்தப் பச்சைக் கம்பளம் தலைமுறைகளாக அப்படியே கிடக்கிறது, புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கிறது. காய்கறி போட்ட சீன உழவர்களில் பலருக்கோ ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம்தான் கிடைத்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் சிதறிக் கிடந்த குடும்பங்களை அரசு ஒன்றுகூட்டிக் குடியேற்றிய புதுக்கிராமங்களில் திரிங்காப்பும் ஒன்று. லயத்துத் தமிழருக்கு இந்த இரண்டு வகையும் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வீடும் தோட்டத்துக்கே. மூவரில் கம்பெனியின் நிலத்தை மட்டும் இயற்கை என்று ரசித்துவிட்டு, உழவன் கொட்டகையைக் கண்டு முகம் சுளிப்பது நியாயமாகப் படவில்லை. தேயிலையும் காட்டை அழித்து நட்ட பயிர்தானே.

சேதம் நிஜம், அதை மறுக்க முடியாது என்று ஒருவர் எதிர்வாதம் வைத்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மேலே வெட்டிய மண் மழையில் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. 2013 அக்டோபரில் அந்தத் தேக்கத்தின் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து நள்ளிரவில் திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைக் குடித்தது. உரிமமே இல்லாமல் சரிவை வெட்டியவர்கள் உண்டு, அவர்களுக்குப் பரிந்து பேச எதுவுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவன் தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும் ஏன் செலவழிப்பான்? குற்றத்தில் ஒரு பங்கு உரிமத்தின் வடிவத்துக்கும் உண்டு.

இத்தனையும் தெரிந்தால் பயண யோசனையும் மாறும். தாப்பா வழியே வந்த காலத்தில் திரிங்காப் வால் பக்கம். தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் காசு செலவழித்து முடித்தவர்தான் அங்கே எட்டிப் பார்ப்பார். 2000களின் தொடக்கத்தில் ஈப்போ அருகே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் சாலை திறந்தபின் வால் தலையாயிற்று. அந்த வழி அகலமானது, வளைவும் குறைவு. கம்போங் ராஜா, கோலா தெர்லா கடந்தால் திரிங்காப். காய்கறி லாரிகளுக்கும் அதுதான் பாதை, எனவே அவசரப்படாமல் ஓட்டுவது நல்லது. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவுச் செய்தியைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் திரிங்காப்புக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டர் தூரத்துக்கே மணிக்கணக்கு ஆகலாம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலைக்குத் திரும்பும் கிளைச் சாலையும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது, ஒரு வண்டிக்கு இன்னொன்று ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவு குறுகலாக. அங்கே போவதென்றால் செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளில், காலையிலேயே போய்விடுங்கள்.