சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது

கார் வைத்திருக்கிறவர்கள், வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தத் தலைப்பு உடனே புரியும். அடியோடு கெட்டுப்போன வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடலாம். காலையில் ஒழுங்காக எடுத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய நேரத்தில் முனகுகிற வண்டியை என்ன செய்வது? ஒர்க்ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். இந்தத் தொல்லைக்கு நூறு வருஷத்துக்கு மேலான சரித்திரம் உண்டு. அதில் நம் ஜில்லாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் கைப்பிடி காலம். முன்பக்க ஓட்டையில் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அப்போது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருந்தால் மணிக்கட்டு முறியும். அதனால்தான் பழைய டிரைவர்கள் ஐந்து விரலையும் ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1911ல் மின்சார செல்ஃப் மோட்டாரைச் செய்து காட்டினார். 1912 மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்குச் சற்று முன்பு, பேட்டரியும் காயிலும் பாயிண்டும் சேர்ந்து பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் ஏற்பாட்டையும் அவரே கொண்டுவந்திருந்தார். ஆக, பின்னால் வந்த அறுபது எழுபது வருஷம் நம்மை நடுரோட்டில் நிறுத்தியதும், கைமுறிவிலிருந்து காப்பாற்றியதும் ஒரே மனிதரின் வேலைதான்.

நம் பக்கத்தில் மோட்டார் என்றால் டி.வி.எஸ். அதை ஆரம்பித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877ல் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். மதுரையை மையமாக வைத்து பஸ் விட்டு, பிறகு பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, பஸ்களுக்குக் கரி வாயு பிளாண்ட் செய்து கொடுத்தவர்களும் அவர்கள்தான். கரி பஸ்ஸை எடுப்பது ஒரு சடங்கு. கரியைப் பற்றவைத்து, விசிறியைச் சுற்றி, நல்ல வாயு வரும்வரை கிளீனர் பையன் வேர்த்து விறுவிறுக்க நிற்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்கள் தங்கள் அப்பா, தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

1961ல் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு டி.வி.எஸ். சேர்ந்து, சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலை வந்தது. செல்ஃப் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் அங்கே செய்தார்கள். திருக்குறுங்குடிக்காரர் தொடங்கிய ஸ்தாபனத்தின் பேர் பொறித்த செல்ஃப் மோட்டார் தேசம் முழுக்க ஓடியது.

அந்தக் காலத்தில் நமக்குத் தெரிந்த கார்கள் மூன்றே மூன்று. உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடர், பம்பாயிலிருந்து வந்த பியட் (1970களில் அது பத்மினி ஆனது), சென்னைப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. புது கார் வேண்டுமென்றால் பணம் கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருபது வருஷ வண்டியையும் யாரும் கழித்துக்கட்டவில்லை. அப்படி ஒரு பெரிய ரிப்பேர் உலகம் உருவானது. போக்குவரத்துக் கழகத் தலைமை அலுவலகம் இருக்கும் நம் வண்ணார்பேட்டையில், மோட்டார் வேலை தெரிந்தவர்களுக்கு எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை.

அந்த மெக்கானிக்குகளிடம் மீட்டர் கிடையாது. கேள்விதான் கருவி. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்பார்கள்:

"அண்ணாச்சி, வண்டி குளுந்து கிடக்கும்போது எடுக்கலியா, ஓடி நிறுத்தின சூட்டுல எடுக்கலியா? சாவி போட்டா செல்ஃப் சுத்துதா, இல்ல 'டக்'குன்னு ஒரு சத்தத்தோட நின்னுருதா?"

இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் செல்ஃப் மேல் குற்றமில்லை. பெட்ரோலையோ தீப்பொறியையோ பார்க்க வேண்டும். மழைக் காலையில் மட்டும் அடம் பிடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் ஈரம். சூட்டில் மட்டும் என்றால், பெட்ரோல் பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். சித்திரை வெயிலில் அம்பாசடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது அதற்காகத்தான். துணி போட்டும் கேட்காமல், அரைமணி ஆறியபின் தானாக எடுத்தால் காயிலையோ கன்டென்சரையோ சந்தேகப்படுவார்கள். பாயிண்ட் தேய்ந்தால் இடைவெளி குறையும். அதை 15 தௌ, அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, என்று வைக்க வேண்டும். அளவுத் தகடு கையில் இல்லாதபோது கண் அளவிலேயே வைத்துவிடும் ஆட்கள் இருந்தார்கள்.

செல்ஃபே சுற்றவில்லை என்றால் ராத்திரியில் ஒரு எளிய சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்ப வேண்டும். லைட் அப்படியே பிரகாசமாக எரிந்தால், கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. சுவிட்ச், சொலினாய்டு பக்கம் பார்க்க வேண்டும். லைட் மெல்ல மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது செல்ஃபின் பல் சக்கரம் சிக்கியிருக்கலாம். பழைய வண்டியானால் டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் பல் விடுபடும். லைட் ஒரேயடியாக அணைந்துபோனால் பேட்டரி டெர்மினல் லூஸ்.

வீட்டு ஆட்கள் வழக்கமாகச் சொல்வது, "லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பது. இங்கேதான் கணக்கு தெரிய வேண்டும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து பத்து ஆம்பியர் போதும். செல்ஃபுக்கு 150 ஆம்பியர், அதற்கு மேலும் வேண்டும். டெர்மினலில் உப்புப் பூத்து, ஒரு ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டால் லைட்டுக்கு ஒன்றும் தெரியாது. அதே தடை செல்ஃப் சுற்றும்போது மூன்று வோல்ட்டை விழுங்கிவிடும். பன்னிரண்டில் மூன்று போனால் மிச்சத்தில் இன்ஜின் எப்படிச் சுற்றும்? அதுவும் ஈரத்துக்கும், சூட்டுக்கும், ரோட்டுக் குலுக்கலுக்கும் தக்கபடி அந்தத் தடை மாறிக்கொண்டே இருக்கும். 'சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது' என்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு ரகசியம் செல்ஃபுக்குள் இருக்கும் கார்பன் பிரஷ். தேய்ந்துபோன பிரஷ், ஆர்மேச்சர் நின்ற இடத்தைப் பொறுத்துத் தொடும், தொடாது. வீல் ஸ்பேனரால் செல்ஃபின் மேல் லேசாகத் தட்டியதும் எடுத்தால், பிரஷ் முடிந்தது என்று அர்த்தம். தட்டுவது வைத்தியம் இல்லை, பரிசோதனை. அதையே வைத்தியமாக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் தட்டியவர்களும் நம் தெருக்களில் உண்டு.

ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. 1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டியில் உடனே சாவியைப் போட்டால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அதில் தப்பித்த வண்டியிலும், பல மாதம் கழித்து எர்த் வயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு பிடித்துத் தொல்லை தொடங்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் முறுக்கினால் போதும். செலவு ஒரு டீக் காசு.

இப்போது பாயிண்டும் கார்புரேட்டரும் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனாலும் பத்துப் பதினைந்து வயதான காரில் வருகிற கோளாறின் குணம் மாறவில்லை. அன்று சூட்டில் செத்த காயில் போல, இன்று சூட்டில் சாகிற கிராங்க் சென்சார். அன்று பூத்த டெர்மினல் இன்றும் அதேபோல் பூக்கிறது. மாறியது கேள்வி கேட்கிற பழக்கம். முதலில் புது பேட்டரி, பிறகு புது செல்ஃப் என்று மாற்றிப் பார்த்து, பென்ஷனில் பாதியைக் கரைக்கும் வழக்கம் வந்துவிட்டது.

ஆகவே பழைய கார் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வண்டி எடுக்காத ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், வெயிலா மழையா, சூடா குளிரா, என்ன சத்தம், லைட் எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்தாறு வரி சேர்ந்ததும் மெக்கானிக் தம்பியிடம் காட்டுங்கள். ஒர்க்ஷாப்பில் நல்ல பிள்ளையாக நடிக்கிற வண்டியின் குட்டு அந்த நோட்டில் வெளிப்பட்டுவிடும்.