காட்டப்படாத குற்றம்: ‘ப்ளேக்ஸ் செவன்’ தொடரில் ஏவானின் கடந்த காலம்

பிபிசி 1978 ஜனவரி 2 முதல் 1981 டிசம்பர் 21 வரை 52 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘ப்ளேக்ஸ் செவன்’, டெர்ரி நேஷன் உருவாக்கிய அறிவியல் புனைவுத் தொடர். அதன் எதிர்நாயகன் கெர் ஏவான். நடித்தவர் பால் டாரோ. ஏவான் தண்டிக்கப்பட்ட கைதி, கணினி வல்லுநன், வங்கி மோசடிக்காரன். இவற்றை அவன் அறிமுகமாகும் இரண்டாம் பகுதியிலேயே அறிந்துகொள்கிறோம். ஆனால் அந்த மோசடி தொடர் முழுவதிலும் ஒருமுறைகூடத் திரையில் நிகழ்வதில்லை. கிடைப்பவை வாய்மொழிகள் மட்டுமே. அவையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு சொல்லப்பட்டவை. இந்த மங்கலைக் கதைத் தொடர்ச்சியின் குறையாகக் கருதுவது எளிது. அது குறையன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘இவன் என்ன செய்தான்’ என்ற கேள்வியை ‘இவன் யாரை நம்பினான்’ என்பதற்கு நகர்த்தும் கதைமுறை அது.

இரு குற்றவாளிகள், இரு வகைச் சான்றுகள்

ஏவானின் குற்றத்தை ப்ளேக்கின் வழக்கோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். முதல் பகுதியில் கூட்டமைப்பு அரசு, கலகத் தலைவனான ப்ளேக்கின் மீது சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியதாக வழக்குப் புனைகிறது. சிறுவர்களின் மனத்தில் பொய் நினைவுகள் பதிக்கப்படுகின்றன. உண்மையைக் கண்டறிந்த வழக்கறிஞரும் அவர் மனைவியும் கொல்லப்படுகிறார்கள். இவை அனைத்தையும் பார்வையாளர் கண்ணால் காண்கிறார். ப்ளேக் நிரபராதி என்பதற்கு அவரே நேர்சாட்சி.

ஏவானின் குற்றத்துக்கோ செவிவழிச் சான்றுதான் உண்டு. ஆயினும் அதை எவரும் ஐயுறுவதில்லை. நிரபராதிக்கு நேர்சாட்சியம் தேவைப்படுகிறது. குற்றவாளிக்குப் பேச்சு போதுமாகிறது. பொய்யான ஆதாரங்களால் ஒருவன் தண்டிக்கப்பட்டதைக் கண்ட மறுவாரமே, ஆதாரமே கேட்காமல் இன்னொருவனைக் குற்றவாளியென ஏற்கிறோம்.

நான்கு வாய்மொழிகள்

முதல் வாய்மொழி 1978 ஜனவரி 9 அன்று ஒளிபரப்பான ‘ஸ்பேஸ் ஃபால்’ பகுதியில் வருகிறது. கைதிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் வீலா என்னும் திருடன் ஏவானை அறிமுகப்படுத்துகிறான்: கூட்டமைப்பின் வங்கி அமைப்பிலிருந்து ஐம்பது லட்சம் கிரெடிட்டைத் திருட மிக நெருங்கியவன் என்று. அதாவது குற்றம் முற்றுப்பெறவே இல்லை. எங்கே தவறியது என்று கேட்டதற்குப் பிறரை நம்பியதுதான் காரணம் என்கிறான் ஏவான். அந்தப் ‘பிறர்’ யார் என்பதை அவன் சொல்லவில்லை. செல்வமே மெய் என்று கருதும் ஒருவனின் தொழில்முறைக் கசப்பாகவே அப்போது அது ஒலிக்கிறது.

இரண்டாவது, ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய ‘கில்லர்’ (1979). டைனஸ் என்ற பழைய கூட்டாளி ஒரு மோசடியில் உடந்தை. மாட்டிக்கொண்ட ஏவான் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கடனை ஏவான் இப்போது வசூலிக்க வருகிறான். டைனஸ் துரோகம் செய்கிறான். பிறரை நம்பாதவன் என்று பெயரெடுத்தவன் ஒருகாலத்தில் பிறருக்காக வாய்மூடி இருந்திருக்கிறான்.

மூன்றாவது, அதே ஆண்டின் ‘கவுன்ட்டவுன்’. தன்னைக் கொல்லச் சூளுரைத்த டெல் கிராண்டிடம், வெடிகுண்டொன்றைச் செயலிழக்கச் செய்யும் வேளையில், ஏவான் தன் கதையைச் சொல்கிறான். டெல்லின் தங்கை அன்னா இவனுடைய காதலி. இருவரும் தப்பிச்செல்ல அனுமதிச்சீட்டு வாங்கப் போன இடத்தில் பேரம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. காயம்பட்ட இவனால் அன்னாவிடம் திரும்ப முடியவில்லை. அவள் சித்திரவதையில் இறந்தாள். சாவின் விளிம்பில், பாதிக்கப்பட்டவனிடமே தரப்படும் இந்த வாக்குமூலத்தை நம்ப நமக்கு எல்லாக் காரணமும் உண்டு. ஏவானும் அதை நம்பியே சொன்னான். ஆயினும் அதன் மையச் செய்தி பொய்.

அதை உடைப்பது நான்காவது வாய்மொழி: கிறிஸ் பவுச்சர் எழுதிய ‘ரூமர்ஸ் ஆஃப் டெத்’ (1980). பழிவாங்குவதற்காகத் தானே சிறைப்பட்டு வதையைத் தாங்கும் ஏவான், அன்னாவைக் கொன்றதாகத் தான் நம்பிய சித்திரவதையாளனைப் பிடிக்கிறான். அவனிடமிருந்து தொடங்கும் தேடலின் முடிவில் அறிவது வேறு. அன்னா இறக்கவில்லை, பார்த்தலோமியூ என்ற பெயரில் ஏவானைக் கண்காணித்த அரசு உளவாளி அவளே. அவள் துப்பாக்கியை எடுக்க, அவன் சுடுகிறான். தன் காதல் மெய் என்று சொல்லியபடி அவள் இறக்கிறாள். அதைச் சோதிக்க இனி வழியில்லை.

இப்பகுதியில் கேமரா முதன்முறையாக ஏவானின் கடந்த காலத்துக்குள் நுழைகிறது. ஆனால் அது மோசடி நடந்த இடத்துக்குப் போகவில்லை. அன்னாவோடு அவன் இருந்த நேரங்களுக்கே போகிறது. எது உண்மையான குற்றமிடம் என்பதைத் தொடர் அங்கே சொல்லிவிடுகிறது. ‘பிறரை நம்பினேன்’ என்ற பழைய சொல் இப்போது வேறு பொருள் கொள்கிறது. சொல் மாறவில்லை, அதைக் கேட்கும் நாம் மாறியிருக்கிறோம்.

ஒரு மறுப்பு

மூவர் எழுதிய நான்கு பகுதிகளைத் திட்டமிட்ட ஒரே வடிவமாகக் காண்பது மிகையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1978இல் ஏவானின் விடையை எழுதிய நேஷனுக்கு பார்த்தலோமியூ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என் வாதம் முன்திட்டத்தைச் சார்ந்ததன்று. தொடர் முழுவதற்கும் கதைத் திருத்தாசிரியராக இருந்த பவுச்சர், முன்னவர் விட்ட இடைவெளியை விவரத்தால் அடைக்காமல், அந்த இடைவெளியிலேயே துரோகத்தை வைத்தார். கணினி நுட்பத்தை விரிவாகச் சொல்லியிருந்தால் ஏவான் வெறும் திருடனாகத் தெளிந்திருப்பான். அரசை எதிர்த்த திருட்டு என்று சொல்லியிருந்தால் நாயகனாகியிருப்பான். எதிர்நாயகனாக அவன் நீடிப்பது இரண்டும் சொல்லப்படாததால்தான்.

முடிவு

இந்தக் கதைமுறை இறுதிப் பகுதியில் தன் முழு விலையைக் கேட்கிறது. ப்ளேக், ஆட்களைச் சோதிப்பதற்காகத் தலைக்கு விலை பெறும் வேட்டைக்காரனாக நடிக்கிறான். அவன் தங்களை விற்றுவிட்டான் என்கிறான் ஏவானின் குழுவைச் சேர்ந்த டாரன்ட். ஏவான் ப்ளேக்கிடம் கேட்கிறான். முழு விடைக்குக் காத்திராமல் சுடுகிறான். உண்மையான அரசு உளவாளியான ஆர்லன் என்ற பெண் அருகிலேயே நிற்கிறாள். அவளை எவரும் ஐயுறவில்லை.

முதல் பகுதியில் புனையப்பட்ட சாட்சியத்தால் தண்டனை பெற்ற ப்ளேக், கடைசிப் பகுதியில் பிழையான சாட்சியத்தால் சாகிறான்; இரு முறையும் அவன் நிரபராதி. இம்முறை நீதிபதியின் இடத்தில் நிற்பவன், யாருடைய சொல்லையும் நம்பக் கூடாது என்று அன்னாவிடம் கற்றவன். ஆனால் டாரன்டின் சொல்லை அவன் நம்பினான். அவனுடைய குற்றத்தை வீலா சொல்லக் கேட்டு, சான்று எதுவும் கேட்காமல் ஏற்றவர்கள் நாம். அதே எளிமையோடு அவன் தீர்ப்பளித்தபோது நாம் அதிர்ந்தோம். அந்த அதிர்ச்சியில் நம் பங்கும் இருக்கிறது.