கார்டைட்

கார்டைட் என்பது துப்பாக்கிகளிலும் பீரங்கிகளிலும் குண்டை உந்தித் தள்ளப் பயன்பட்ட ஒரு புகையற்ற வெடிமருந்து ஆகும். பிரித்தானியப் படைகள் 1890களின் தொடக்கத்தில் இதனைப் பயன்படுத்தத் தொடங்கின. இரு உலகப் போர்களிலும் இதுவே அப்படைகளின் முதன்மையான உந்துமருந்தாக இருந்தது. கயிறு எனப் பொருள்படும் 'கார்டு' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து இப்பெயர் உருவானது. மென்மையான பசையாகப் பிசைந்து, சிறு துளைகளின் வழியே இழைகளாகப் பிழிந்து எடுக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

தோற்றம்

பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்த கருமருந்து எரியும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி திண்மக் கழிவாகவே எஞ்சும். அதனால் எழும் வெண்புகை சுடுபவரின் பார்வையை மறைத்தது. அவர் இருக்கும் இடத்தையும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. 1884 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேல் நைட்ரோசெல்லுலோசிலிருந்து புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். 1887 ஆம் ஆண்டில் ஆல்பிரட் நோபல், நைட்ரோகிளிசரினும் நைட்ரோசெல்லுலோசும் கலந்த பாலிசுடைட் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்.

பிரித்தானிய அரசு அமைத்த வெடிமருந்துக் குழுவில் இருந்த பிரெடரிக் ஏபெல், ஜேம்சு டூவர் ஆகியோர் 1889 ஆம் ஆண்டில் கார்டைட்டுக்குக் காப்புரிமை பெற்றனர். இது தம் கண்டுபிடிப்பின் சிறு மாற்றமே எனக் கருதிய நோபல் தரப்பு வழக்குத் தொடுத்தது. நோபலின் காப்புரிமை 'கரையக்கூடிய' நைட்ரோசெல்லுலோசை மட்டுமே குறிப்பிட்டிருந்தது. கார்டைட்டில் இருந்ததோ கரையாத வகை. இந்த ஒரு சொல்லின் அடிப்படையில் வழக்கு 1895 ஆம் ஆண்டில் பிரபுக்கள் அவையிலும் நோபல் தரப்புக்கு எதிராக முடிந்தது.

சேர்பொருட்கள்

முதல் வகையான 'மார்க் 1' கார்டைட்டில் 58% நைட்ரோகிளிசரின், 37% நைட்ரோசெல்லுலோசு, 5% வாசலின் ஆகியவை இருந்தன. இவற்றைப் பசையாக்க அசிட்டோன் பயன்பட்டது. குழலின் உட்புறத்தை வழவழப்பாக வைக்கும் என எண்ணியே வாசலின் முதலில் சேர்க்கப்பட்டது. மருந்து சேமிப்பில் சிதைவதைத் தாமதப்படுத்துவதே அதன் உண்மையான பயன் என்பது பின்னர் தெரியவந்தது.

மருந்து எரியும் வேகம் அதன் வேதிச் சேர்க்கையை மட்டும் பொறுத்ததன்று. அதன் வடிவத்தையும் பொறுத்தது. மெல்லிய இழைகளுக்கு எடைக்கு ஏற்ற மேற்பரப்பு மிகுதியாதலால் அவை விரைந்து எரிந்து முடியும். எனவே துப்பாக்கிக்கு மெல்லிய இழைகளும் பெரும் பீரங்கிகளுக்குத் தடித்த தண்டுகளும் தயாரிக்கப்பட்டன.

துப்பாக்கியில் விளைவு

1888 ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை ஏற்ற லீ-மெட்போர்டு துப்பாக்கியின் .303 அங்குலத் தோட்டா தொடக்கத்தில் கருமருந்தையே கொண்டிருந்தது. 1891 ஆம் ஆண்டில் அத்தோட்டாவில் கார்டைட் இடம்பெற்றது. குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 560 மீட்டரிலிருந்து 600 மீட்டராக உயர்ந்தது.

ஆனால் அந்தத் துப்பாக்கியின் குழல் கருமருந்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. குண்டைச் சுழலச் செய்வதற்காகக் குழலினுள் ஏழு சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. கரி படியாமல் இருப்பதற்காக அவை ஆழமின்றியும் விளிம்பு மழுங்கியும் இருந்தன. மிகுந்த வெப்பத்துடன் எரியும் கார்டைட் அவற்றை விரைவில் அரித்தது. பள்ளங்கள் தேய்ந்தபின் குறி தவறியது. ஆகவே ஆழமான, கூரிய விளிம்புடைய ஐந்து பள்ளங்கள் கொண்ட புதிய குழல் என்பீல்டு தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டது. 1895 ஆம் ஆண்டில் வெளிவந்த லீ-என்பீல்டு துப்பாக்கியின் பெயர் இந்த மாற்றத்தால் வந்ததே.

குழல் அரிப்பை மேலும் குறைக்க, நைட்ரோகிளிசரின் 30% ஆகக் குறைக்கப்பட்ட 'எம்.டி.' வகை 1901 ஆம் ஆண்டில் வந்தது. அதே வேகத்தைப் பெற ஏறத்தாழ 15% கூடுதல் மருந்து தேவைப்பட்டது. வேகம், குழலின் ஆயுள், செலவு ஆகிய மூன்றில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அசிட்டோன் தட்டுப்பாடு

முதல் உலகப் போரில் மரத்தை வாலைவடித்துப் பெறும் அசிட்டோன் போதவில்லை. மான்செசுடர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கைம் வைசுமன், மக்காச்சோள மாவை நுண்ணுயிரிகளால் நொதிக்கச் செய்து அசிட்டோன் பெறும் முறையை வழங்கினார். 1917 ஆம் ஆண்டில் தானியமும் அரிதானபோது பள்ளிச் சிறுவர்கள் குதிரைக் கசுக்கொட்டைகளைச் சேகரித்துக் கொடுத்தனர். அசிட்டோன் தேவைப்படாத 'ஆர்.டி.பி.' வகையும் இக்காலத்தில் தயாரிக்கப்பட்டது. பின்னாளில் இசுரேலின் முதல் குடியரசுத் தலைவரானவர் இதே வைசுமன் ஆவார்.

விபத்துகள்

கார்டைட் காலப்போக்கில் சிதையும் தன்மையுடையது. வெப்பம் மிகுந்தால் சிதைவு விரைவுபட்டுத் தானே தீப்பற்றக்கூடும். 1917 சூலை 9 அன்று இசுக்காட்லாந்தின் இசுக்காப்பா புளோ துறைமுகத்தில் 'வேன்கார்டு' போர்க்கப்பல் வெடித்து 800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலின் மருந்தறையில் இருந்த கார்டைட் சூடேறியதே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அருவங்காடு தொழிற்சாலை

இந்தியாவில் கார்டைட் தயாரிப்பதற்கான தொழிற்சாலை நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கு அருகேயுள்ள அருவங்காட்டில் 1903 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நீலகிரி மலை இரயில் பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையம் உண்டு. 2021 ஆம் ஆண்டில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது இத்தொழிற்சாலை மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. கார்டைட்டின் காலம் முடிந்த பின்னும் தொழிற்சாலை அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிற்காலமும் பழைய தோட்டாக்களும்

முதல் உலகப் போரின்போதே நைட்ரோசெல்லுலோசுத் தூள் கொண்ட .303 தோட்டாக்களும் வழங்கப்பட்டன. அவற்றின் பெயரில் 'இசட்' என்ற எழுத்து சேர்க்கப்பட்டு வேறுபடுத்தப்பட்டது. பின்னர் இவ்வகைத் தூள்களே கார்டைட்டின் இடத்தைப் பிடித்தன.

பல நாடுகளில் உரிமம் பெற்ற ஆர்வலர்கள் லீ-என்பீல்டு துப்பாக்கிகளை இன்றும் பயன்படுத்துகின்றனர்; சிலர் தோட்டாக்களைத் தாமே நிரப்புகின்றனர். அவர்கள் செய்யக்கூடிய பெருந்தவறு, பழைய தோட்டாவில் இருந்த கார்டைட்டின் எடையையே அளவாகக் கொண்டு புதிய தூளை நிரப்புவதாகும். எடை ஒன்றாயினும் எரியும் வேகம் வேறாதலால், அழுத்தம் துப்பாக்கி தாங்கும் அளவைக் கடந்து சுடுபவருக்குக் காயம் விளைவிக்கலாம். தூள் தயாரிப்பாளர்கள் அந்தந்தத் தூளுக்கும் குண்டின் எடைக்கும் தனித்தனியே அளவுப் பட்டியல் வெளியிடுவது இதனாலேயே. அவற்றிலும் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்குவதே முறையாகும்.