அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டெடுத்தல்

அழிக்கப்பட்ட கோப்புகளை மீட்டெடுத்தல் என்பது வன்தட்டு, காப்புநகல் வன்தட்டு, நினைவக அட்டை முதலிய சேமிப்புச் சாதனங்களிலிருந்து தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்புகளை மீண்டும் பெறும் முறைகளைக் குறிக்கும். ஒரு கோப்பு அழிக்கப்படும்போது பெரும்பாலான இயங்குதளங்கள் அதன் உள்ளடக்கத்தை உடனே துடைப்பதில்லை. கோப்பு இருந்த இடத்தை மீண்டும் பயன்படுத்தலாம் என்று குறித்துக்கொள்வதோடு நின்றுவிடுகின்றன. அவ்விடத்தில் வேறு தரவு எழுதப்படும் வரை பழைய தரவு அங்கேயே இருக்கும். மீட்பின் அடிப்படை இதுவேயாகும். எனவே, கோப்பு அழிக்கப்பட்டபின் பயன்படுத்தப்படாமல் எடுத்துவைக்கப்பட்ட பழைய வன்தட்டில் மீட்புக்கான வாய்ப்பு அதிகம்.

அழித்தலின்போது நிகழ்வன

அழித்தலின் விளைவு கோப்பு முறைமையைப் பொறுத்து வேறுபடும்.

* ஃபாட்: ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில் 32 பைட்டு அளவிலான பதிவு உண்டு. அழிக்கும்போது அப்பதிவின் முதல் பைட்டு 229 என்ற எண்ணாக மாற்றப்படுகின்றது. பழைய மீட்பு நிரல்கள் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைப் பயனரிடம் கேட்டதற்குக் காரணம் இதுவே. கோப்பின் பகுதிகளை இணைக்கும் சங்கிலியும் அழிந்துவிடுவதால், துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட கோப்புகளை முழுமையாக மீட்பது கடினம்.
* என்.டி.எஃப்.எஸ்: முதன்மைக் கோப்பு அட்டவணையில் உள்ள பதிவு பயன்பாட்டில் இல்லை என்று மட்டும் குறிக்கப்படுகின்றது. அப்பதிவு வேறு கோப்புக்கு வழங்கப்படாதவரை பெயர், தேதி, தரவு இருக்கும் இடம் ஆகியவை தெரியும்.
* எக்ஸ்ட்3: லினக்சில் 2001 இல் சேர்க்கப்பட்ட இம்முறைமை, அழிக்கும்போது தரவின் முகவரிகளைச் சுழியமாக்கிவிடுகின்றது. ஆதலால் பெயரைக் கொண்டு மீட்பது எளிதன்று.

விண்டோஸ் எக்ஸ்பி வரை வன்தட்டை முழுமையாக ஃபார்மட் செய்தாலும் தரவுப்பகுதி துடைக்கப்படவில்லை. விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் வட்டு முழுவதும் சுழியங்களை எழுதுகின்றது. விரைவு ஃபார்மட் அவ்வாறு செய்வதில்லை.

வரலாறு

பீட்டர் நார்ட்டன் 1982 இல் வெளியிட்ட நார்ட்டன் யூட்டிலிட்டீஸ் தொகுப்பில் அழித்த கோப்பை மீட்கும் நிரல் இடம்பெற்றிருந்தது. 1991 இல் வெளியான எம்.எஸ்.-டாஸ் 5.0 இயங்குதளத்திலேயே இவ்வசதி சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 95 ரீசைக்கிள் பின் என்னும் குப்பைத்தொட்டியை அறிமுகப்படுத்தியது. வெளி வன்தட்டுகளிலும் இக்குப்பைத்தொட்டி மறைக்கப்பட்ட அடைவாக இருப்பதுண்டு. ஆதலின் பிற முறைகளை நாடுமுன் அதனைப் பார்த்தல் நன்று.

மீட்கும் வழிமுறை

1. வன்தட்டின் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும். வழக்கமான முறையில் இணைப்பதுகூடச் சில தரவுகளை அதில் எழுதச் செய்யலாம். எனவே வாசிக்க மட்டும் இயலும் நிலையில் இணைத்தல் வேண்டும்.
2. வட்டு முழுவதையும் பைட்டுக்குப் பைட்டு படியெடுக்க வேண்டும். குனு டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பி வரும்.
3. அடுத்த வேலைகள் யாவும் படியின் மீதே செய்யப்பட வேண்டும். இழந்த வட்டுப் பிரிவுகளையும் அடைவுகளையும் டெஸ்ட்டிஸ்க் தேடித் தரும்.
4. அடைவுப் பதிவுகள் அழிந்திருப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு தேடலாம். சான்றாக, ஜேபெக் படங்கள் 255, 216 என்னும் பைட்டுகளில் தொடங்கி 255, 217 இல் முடியும். ஃபோட்டோரெக் இவ்வாறான அடையாளங்களைக் கொண்டு கோப்புகளைப் பிரித்தெடுக்கின்றது. இம்முறையில் கோப்பின் பெயரும் அடைவும் பொதுவாகக் கிடைப்பதில்லை.
5. மீட்ட கோப்புகளை வேறொரு வன்தட்டில் சேமிக்க வேண்டும். அதே வன்தட்டில் சேமித்தால், இன்னும் மீட்கப்படாத கோப்புகளின் மீதே அவை எழுதப்படக்கூடும்.

வன்தட்டிலிருந்து "டிக் டிக்" என்று தொடர்ந்து ஒலி எழுந்தால் மின்னிணைப்பை நிறுத்திவிட வேண்டும். பழுதடைந்த வாசிப்புமுனை தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். இத்தகைய வன்தட்டுகள் தூசியற்ற அறைகளில் மட்டுமே திறக்கத்தக்கவை. உறைபெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் வெளியே எடுத்தபின் உள்ளே படியும் ஈரம் மேலும் கேடு விளைவிக்கும்.

மீட்க இயலாத நிலைகள்

புதிய தரவு மேலெழுதப்பட்ட பகுதியை மீட்க இயலாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, அண்மைக்கால வன்தட்டுகளில் ஒருமுறை மேலெழுதுதலே போதுமானது. திண்மநிலை வட்டுகளில் டிரிம் என்னும் கட்டளை, அழிக்கப்பட்ட பகுதிகளை வட்டுக்கு அறிவித்துவிடும். அதன்பின் தரவு விரைவில் கிடைக்காமற் போகும். விண்டோஸ் 7 (2009) முதல் இவ்வசதி உள்ளது. மறையாக்கம் செய்யப்பட்ட வட்டின் திறவுச்சொல் தொலைந்தாலும் மீட்பு இயலாது.

டாய் ஸ்டோரி 2 நிகழ்வு

1998 இல் பிக்சார் நிறுவனத்தில் தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளை, தயாரிப்பிலிருந்த டாய் ஸ்டோரி 2 திரைப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தது. காப்புநகல்களை நாடியபோது அவை சரியாகப் பதிவாகியிருக்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் இருந்த படியைக் கொண்டே பணி மீண்டது. காப்புநகல் எடுப்பது போலவே அதிலிருந்து மீட்க முடிகின்றதா என்று சோதிப்பதும் இன்றியமையாதது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

பழைய தமிழ் ஆவணங்கள்

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ் ஆவணங்கள் பல, திஸ்கி, டாப், டாம், பாமினி முதலிய குறிமுறைகளில் எழுதப்பட்டன. மீட்கப்பட்ட இத்தகைய கோப்புகள் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோம எழுத்துகளாகத் தோன்றும். அவை பழுதானவை என்று கருதி நீக்கிவிடும் வாய்ப்புண்டு. ஒருங்குறியில் தமிழ்ச் சொல்லைத் தட்டச்சிட்டுத் தேடினாலும் அவை அகப்படா. குறிமாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்கு மாற்றிப் பார்த்தபின்னரே அவற்றைக் குறித்து முடிவு செய்தல் வேண்டும்.

தனியுரிமை

அழித்தவை எஞ்சியிருத்தல் தீங்காகவும் அமையலாம். சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகியோர் பழைய வன்தட்டுகள் 158 ஐ வாங்கி ஆராய்ந்து 2003 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. கடனட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் அவற்றில் கிடைத்தன. எனவே பழைய வன்தட்டை விற்குமுன் அதனை முழுவதும் மேலெழுதுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வன்தட்டு
* கோப்பு முறைமை
* காப்புநகல்
* ஒருங்குறி